அரை இன்ச் உயரம்

தன் குதிரை சீனிக்குப் பேச்சு புரியும் என்று யுவராணி சொன்னால் சோழபுரத்தில் சிரிப்பார்கள். ஆனால் சிரித்தவர்களும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். விடிந்தும் விடியாமலும் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு அவளுடைய தட்டுவண்டி ராஜபாளையம் சாலையில் ஏறும். கையில் சாட்டை இருக்காது. குதிரையின் முகத்தில் கண்பட்டை இருக்காது. கடிவாள வாரைக்கூடப் பூத்தொடுக்கும் நாரைப்போல இரண்டு விரலில்தான் பிடித்திருப்பாள். வாய் மட்டும் ஓயாது. "அந்தா பஸ்சு வருது, வரட்டும், அவன் ரோட்டுல அவன் போவான், நீ ஒன் ரோட்டுல போ சாமி" என்பாள். செவலை நிற மட்டக்குதிரை ஒரு காதைப் பின்னால் திருப்பி அதைக் கேட்டுக்கொண்டே போகும்.

குதிரையை வாங்கியவன் அவள் புருஷன் ஜெயபாண்டி. பட்டாளத்தில் இருந்தபோது ஒரு விடுப்பில் வந்தவன், பந்தயத்தில் ஓட்டும் ஆசையில் வாங்கிக் கட்டிவிட்டு மறுபடி எல்லைக்குப் போய்விட்டான். கட்டிப்போட்ட குதிரை சுவரை உதைத்தது. தீவனம் போட்டவள் யுவராணி. சும்மா நின்று தின்கிறதே என்று ஒரு நாள் வண்டியில் பூட்டினாள்.

முதலில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இழுப்பது ஒன்றுதான். அவள் இழுத்தால் அதுவும் இழுத்தது. உள்ளங்கை இரண்டும் கொப்புளம் கட்டின. மழை பெய்த ஒரு காலையில் நனைந்த வார் கையிலிருந்து நழுவித் தொய்ந்தது. குதிரை பாய்ந்து ஓடப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள். அது தலையைத் தாழ்த்தி, பெருமூச்சு ஒன்று விட்டு, நிதானமாக நடந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது, வாரின் மறுமுனையில் இருப்பது இரும்பு அல்ல, ஒரு நாக்கு என்று. அதற்குப் பிறகு அவள் இழுக்கவே இல்லை. விரலை மடக்கினால் நின்றது. விட்டால் ஓடியது. எதிரே மலைமேல் வெயில் ஏற, காலடியில் தார்ச்சாலை பின்னால் போக, தன் விரலில் நினைத்தது அதன் காலில் நடப்பதைப் பார்க்கும் சந்தோஷம் அவளுக்குப் பழகிப்போயிற்று. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் சொன்னதை அப்படிக் கேட்ட உயிர் வேறு எதுவும் இல்லை.

ஜெயபாண்டி பணி முடிந்து ஊருக்கே திரும்பியது இந்தப் பங்குனியில். வந்த மறுவாரம் குதிரையை அளந்தான். குதிரையின் உயரத்தைத் தலையில் அளப்பதில்லை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் மரச்சட்டத்தை வைத்து அளப்பார்கள். அந்த உயரத்தை வைத்துத்தான் பந்தயத்தில் பெரிய குதிரை, நடுக்குதிரை, சின்னக் குதிரை என்று பிரிப்பார்கள்.

"ஒரு இன்ச் கூடுதலா நிக்கி" என்றான். "நடுக்குதிரையில விட்டா கடைசியில வரும். சின்னதுல விட்டா இந்தச் சுத்துப்பட்டுல இத ஜெயிக்க ஆளில்ல. என்ன செய்ய? கம்பத்துக் குதிரை யாவாரி கேட்டுக்கிட்டே இருக்கான். தள்ளிவிட்ருவோம்."

"எதுக்கு விக்கணும்? அது பாட்டுக்குப் பால் சொமக்குதுல்ல?"

"பால் சொமக்கவா பனியில நின்னு சம்பாரிச்சு வாங்குனேன்? ஒனக்கு ஒரு எக்ஸெல் வண்டி வாங்கித் தாரேன்."

"எக்ஸெல் பேசுனாக் கேக்குமா?"

"கேக்காது. நீ பேசுறதக் கேக்க வீட்டுல ஒருத்தன் படுற பாடு போதும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் அவனே ஒரு வழி சொன்னான். பந்தயக்காரர்களிடம் கேட்டு வந்திருந்தான். கூடுதலாக நிற்கும் ஒரு இன்ச்சில் பாதியை லாடக்காரர் பார்த்துக்கொள்வார். மீதிப் பாதியை அவள் பார்க்க வேண்டும். பார்த்தால் குதிரையை விற்கவே மாட்டேன், ஆயுசுக்கும் இந்த வீட்டில் நிற்கும் என்று தன் தாய்மேல் சத்தியம் செய்தான்.

லாடக்காரர் வந்து லாடங்களைக் கழற்றி, குளம்புகளை உள்சதை சிவந்து தெரியும்வரை சீவினார். அரை இன்ச் குறைந்தது. மீதி அரை இன்ச்சுக்கு ஜெயபாண்டி ஒரு சட்டம் செய்தான். அளக்கும் சட்டத்தைப் போலவே தட்டையான மரம். அதன் அடியில் ஒரு கோணி ஊசியின் நுனி, எள்ளளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"முதுகு மேட்டுல வச்சு அமுக்கு. குத்துனா உடம்பத் தாழ்த்தும். நாலு நாள்ல சட்டத்தக் கண்டாலே தாழ்த்திரும். அம்புட்டுத்தான்."

"நீங்களே செய்யுங்க."

"நான் கிட்டப் போனா ஒதைக்கும். நீன்னா அசையாம நிக்கும். தொட்டுப் பழகுன கையில்லா?"

ஜெயபாண்டியின் தங்கை கனகலட்சுமி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "ஏண்ணே, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

"ஒரு இன்ச் வளந்துருச்சு. அதான் பாவம்."

முதல் தடவை குத்தியபோது சீனி நகரவில்லை. தோல் மட்டும் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. பிறகு கழுத்தை வளைத்து, கருப்பட்டி வைத்திருக்கிறாளா என்று அவள் இடுப்பை மோந்து பார்த்தது. ஈ கடித்ததை அவளிடம் சொல்வதுபோல இருந்தது. "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல சீனி" என்று பேசிக்கொண்டே அவள் மறுபடி அமுக்கினாள். தாழவில்லை. மறுபடியும் அமுக்கினாள். ஜெயபாண்டி வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டே, "அழுத்தி, அழுத்தி" என்றான். முடிந்ததும் அவள் கருப்பட்டியை எடுக்க, "குடுக்காத" என்றான். "வலியும் இனிப்பும் கலந்தாக் கொழம்பிரும்."

அவள் சாயங்காலம் மஞ்சள் பத்துப் போட்டாள். அதற்கும் சீனி பேசாமல் நின்றது.

அந்த ஒரு வாரத்தில் ஒரு தடவை அது உதைத்திருந்தாலும் கடித்திருந்தாலும் அவள் விட்டிருப்பாள். அது நின்றது. நின்றதால் அவள் செய்தாள். பின்னங்கால்களை லேசாக மடக்கி அது முதல்முறையாக உடம்பைத் தாழ்த்திய மதியத்தில் அவள் நெஞ்சு குதித்தது. சங்கடத்தால் அல்ல. 'பிடித்துக்கொண்டது, என் குதிரை பிடித்துக்கொண்டது' என்ற பெருமையில். மழைநாளில் வார் தொய்ந்தபோது வந்த அதே சந்தோஷம். அன்று மதியமே, யாரும் அழுத்து என்று சொல்லாமலே, இன்னும் இரண்டு தடவை குத்தினாள். இரண்டாவது தடவை இன்னும் அழகாகத் தாழ்ந்தது.

பந்தயம் கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போகும் வழியில் ஒரு கிராமத்தில் நடந்தது. நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில்தான் அளவு. தரை மட்டமாக இருக்க வேண்டுமே. கயிறு கட்டி, வெளியே கூட்டம் நின்றது. கம்பத்து வியாபாரி தன் மினி வேனோடு வந்து, பின்கதவைத் திறந்து வைத்தே உட்கார்ந்திருந்தார். அளவில் தோற்ற குதிரைகளை மலிவாக வாங்குவது அவர் வழக்கம். பெண்கள் களத்துக்குள் போவதில்லை. யுவராணி கயிற்றுக்கு வெளியே, ஆட்களின் தோள்களுக்குப் பின்னால் மறைந்து நின்றாள்.

அளந்தவர் சிவனாண்டி, போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டத்தைச் சீனியின் முதுகில் வைத்தார். சீனி தாழவில்லை. புது இடம், புது ஆட்கள். தலையைத் தூக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி, கூட்டத்தில் யாரையோ தேடுவதுபோல முழு உயரத்துக்கும் நின்றது. சட்டம் அதற்கு ஒன்றுமே இல்லை. கட்டையால் முதுகைத் தொடுகிறார்கள், அவ்வளவுதான்.

"அரை இன்ச் கூட. நடுக்குதிரைக்குக் கொண்டு போப்பா" என்றார் சிவனாண்டி.

"செத்த நேரம் பொறுங்கண்ணே. மெரண்டிருக்கு. இன்னொருக்கா வையுங்க."

வைத்தார். அதே அரை இன்ச். ஜெயபாண்டியின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. கம்பத்து வியாபாரி வேனைவிட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஜெயபாண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. குதிரை கற்றுக்கொண்டது சட்டத்தை அல்ல. கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்: "ஏட்டி யுவராணி! இங்க வா!"

தலைகள் திரும்பின. அவள் போகாமல் இருந்திருக்கலாம். திறந்திருந்த வேன் கதவைப் பார்த்தாள். குனிந்து கயிற்றுக்குள் நுழைந்தாள்.

சீனியின் காதுகள் முதலில் அவளைப் பார்த்து நிமிர்ந்தன. அவள் இன்னும் பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தாள். சட்டம் சிவனாண்டியின் கையில் தரையில் ஊன்றி நின்றது. யாரும் எதையும் தொடவில்லை. குதிரையின் தோல் கழுத்திலிருந்து வால்வரை நடுங்கியது. பின்னங்கால்கள் மடங்கின. முதுகு குழிந்தது. வயிறு களத்தை நோக்கி இறங்க இறங்க அது தாழ்ந்துகொண்டே போயிற்று.

கூட்டம் கயிற்றை நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. பிறகு ஒருவன், "ஏலே, பொண்டாட்டியக் கண்டா புருசன்தாம்ல பம்முவான், இங்க குதிரயில்லா பம்முது!" என்றான். களம் அதிர்ந்தது. இன்னொருவன், "யக்கா, எங்க மாமியாளுக்கும் ஒருக்கா வந்து பழக்கிட்டுப் போங்க!" என்றான். பெண்கள் சிரிக்கவில்லை. அவர்கள் யுவராணியின் கையைப் பார்த்தார்கள்.

சிவனாண்டி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். குதிரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சட்டத்தை வைத்தார். அது முதுகைத் தொடவே இல்லை, நடுவில் இரண்டு விரல் புகும்.

"சின்னக் குதிரை" என்றார்.

"என்னய்யா இது அநியாயம்?" என்று எதிர்க் குதிரைக்காரன் பாய்ந்தான்.

"குதிரை எம்புட்டு ஒசரம்னுதாம்ப்பா என்னய அளக்கச் சொல்லியிருக்கு. ஏன் குட்டையாச்சுன்னு கேக்கச் சொல்லல. அடுத்த குதிரையக் கொண்டாங்க."

சீவிய குளம்புகளோடு, லாடமில்லாமல், தார்ச்சாலையில் சீனி ஓடியது. ஜெயபாண்டியே ஓட்டினான். இருபுறமும் பைக்குகள் அலறிக்கொண்டு கூடவே போயின. முதலாவதாக வந்தது. கோப்பை கொடுத்து மாலை போட்டார்கள். முன்னங்கால் ஒன்றை ஊன்றாமல் நின்ற குதிரையோடு ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கம்பத்து வியாபாரி இப்போது இரண்டு பங்கு விலை சொன்னார். ஜெயபாண்டி யுவராணியைக் காட்டி, "விக்கக் கூடாதுன்னு இவ கேட்டா, நான் வாக்குக் குடுத்துட்டேன். சொன்ன சொல் மாற மாட்டேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "ஆடியில ரெண்டு கொடை இருக்கு. நீயும் வரணும், என்ன?" என்றான்.

குளம்பு வளர்ந்து, லாடம் அடித்து, குதிரை நடக்கத் தொடங்கியதும் அவள் சேணத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அவள் நிழல் விழுந்ததும் அது தாழ்ந்தது. தாழ்ந்த குதிரைமேல் சேணம் நிற்காது. கருப்பட்டியை நீட்டினாள். உடம்பு தரையோடு கிடக்க, மூக்கை மட்டும் விலக்கிக்கொண்டது. "சீனி" என்றாள். இன்னும் தாழ்ந்தது. அதே கருப்பட்டியைக் கனகலட்சுமி நீட்டியபோது எழுந்து வந்து தின்றது.

தினமும் போய்ப் பார்த்தாள். தினமும் அதேதான். கடைசியில் ஒரு நாள் கனகலட்சுமி, "அண்ணன் சட்டையப் போட்டுப் பாருங்க மதினி. அவியள அது ஒண்ணும் நெனைக்காதுல்லா. அவிய ஒரு தடவகூடத் தொடலையே" என்றாள். குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளுக்குத் தோன்றியதைச் சொன்னாள்.

மறுநாள் கனகலட்சுமியே குதிரைக்குப் பின்பக்கம் தெரியாதபடி கண்பட்டை கட்டி வண்டியில் பூட்டினாள். யுவராணி சேலைக்குமேல் புருஷனின் வியர்வைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்கமாக வந்து, பால் கேன் சத்தமெழாமல் வண்டியில் ஏறினாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள். வாரை லேசாகத் தட்டினாள். சீனி கிளம்பியது.

ராஜபாளையம் சாலையில் ஏறியதும் அவள் கண் கலங்கியது. அதே நடை. அதே காலைக் குளிர், எதிரே மலைமேல் அதே வெயில். விரலை மடக்கினால் அடங்குகிறது, விட்டால் ஓடுகிறது. சீனி பின்னால் ஒரு காதைத் திருப்பிப் பேச்சை எதிர்பார்த்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டீக்கடை பரிபூரணம், "என்ன யுவராணி, கப்பு வாங்கினதும் எங்ககிட்டப் பேச்சே காணோம்?" என்று சத்தம்போட்டுக் கேட்டாள். யுவராணி கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

நூற்பாலை வளைவில் செங்கல் லாரி ஒன்று பின்னாலிருந்து ஏர்ஹாரனை அலறவிட்டது. கண்பட்டை கட்டிய குதிரைக்கு அது எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. துள்ளி, சாலையின் நடுவுக்குத் தாவியது. வண்டி சாய்ந்தது. எதிரே பஸ். முன்பென்றால் ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அது நடுச்சாலையில் படுத்துவிடும்.

அவள் வாரை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, காலை முன்பலகையில் உதைத்து, உடம்பு முழுக்கப் பின்னால் சாய்த்து இழுத்தாள். குதிரையின் வாய் பிளந்தது. தலை வானத்தைப் பார்த்தது. அவள் விடவில்லை. இன்னும் இழுத்தாள். வண்டி ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. பஸ்ஸும் லாரியும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு கடந்து போயின.

சீனியின் வாயிலிருந்து நுரை வழிந்தது. நுரை சிவந்திருந்தது. அவள் இறங்கி முன்னால் போகவில்லை, போக முடியாது. வண்டியிலேயே உட்கார்ந்து, அதன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு அடங்கியதும் வாரை ஒரு சுண்டு சுண்டினாள். சீனி மறுப்பேதும் இல்லாமல், சாலையின் இடது ஓரமாக, பால் சொசைட்டியைப் பார்த்து நடந்தது. பால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.