ஒரு சொல் குறைந்த வசனம்

ஐந்தரைக்கு எழுவேன். முகம் கழுவுவேன். பாண் இரண்டு துண்டு, பால் இல்லாத கோப்பி. ஆறு பத்துக்குப் பஸ். ஏழு மணிக்கு வைலே என்ற டேனிஷ் ஊரில், முதியோர் இல்லத்தின் பதினான்காம் அறையில் திரைச்சீலையை விலக்குவேன்.

அந்த அறையில் எலன் ஸ்கோவ் இருந்தார். பதினாறு வயதில் இதே ஊர் நாடக மேடையில் தொடங்கி, இருபதில் ஹொலிவூட் போனவர். பேசும் படம் வந்தபோது, உச்சரிப்புச் சரியில்லை, ஊருக்குப் போ என்றார்களாம். போகவில்லை. எட்டு மாதம் ஆங்கிலத்தைச் சொல் சொல்லாக வாயில் வைத்து உருட்டினார். அதன்பிறகு முப்பத்தொரு படங்கள். ஒன்றை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஒருவன் மூன்று நிமிடம் அவரிடம் பொய் சொல்கிறான். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அப்படிக் கேட்கும் முகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். மூன்று மணிக்கு வேலை முடிந்து புறப்படும்போது பழக்கத்தில் “போட்டு வாறன்” என்பேன். அர்த்தம் கேட்டார். சொன்னேன்: போய்விட்டு வருகிறேன். வெறுமனே ‘போறன்’ என்று எங்கள் ஆட்கள் சொல்வதில்லை.

“நல்ல வசனம்,” என்றார்.

1986 மாசியில் என் மனைவி அருள்நாயகி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். கலியாணமாகிப் பதினான்கு மாதம். வாசலில் “போட்டு வாறன்” என்றாள். வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து வேலைக்குத் திரும்பினேன். மூன்று மணிக்கு எலனிடம் “போறன்” என்றேன்.

“இரண்டு சொல் இருந்தது. ஒன்று விழுந்துவிட்டது,” என்றார். “இன்னொருமுறை.”

நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

தினமும் இதுதான். சமையலறையில் வேலை செய்த எங்கள் ஊர் நீக்கிலாஸ் சிரிப்பான்.

“என்ன மச்சான், இண்டைக்கும் ஷூட்டிங்கோ? ஒரு சொல்லுத்தானே, சொல்லிப்போட்டு வாவன்.”

“அது பொய்யடா.”

“நடிக்கத்தானே கேக்கிறா.”

வைகாசியில் எலனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. நாளைக்கு இருக்கமாட்டார் என்றார் டாக்டர். மூன்று மணிக்கு அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். காத்திருந்தார். அந்தப் படத்தில் இருந்த அதே முகம்.

“போட்டு வாறன்,” என்றேன். பாதிக்கு மேல் சத்தம் வரவில்லை.

அவருடைய கடைசி வார்த்தை ஒளியைப் பற்றியது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அழகான வசனம்தான். ஆனால் அறையில் இருந்தது நான் மட்டும். அவர் சொன்னது இது:

“கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. இன்னொருமுறை.”