வெந்தய வரியன்

கோடைக்கு ஒருமுறை பட்டாம்பூச்சிக் கணக்கெடுக்கக் காட்டுக்குப் போகும் கூட்டத்தை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுவார்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். கடிகாரம் பழுதுபார்க்கிறவருக்குக் கண் கூர்மை. டாக்டர்களின் கிறுக்கலோடு தினமும் மல்லுக்கட்டும் மருந்துக்கடைக்காரிக்கோ எழுத்து முத்து முத்தாக இருக்கும். யார் செய்த புண்ணியமோ, மூன்று கோடையாக இருவரும் ஒரே ஜோடி.

இந்த நாலாவதுதான் கடைசி. மனைவி போன பிறகு தனியாகவே காலம் தள்ளியவர், அடுத்த வாரம் தூர ஊரில் இருக்கும் மகள் வீட்டோடு போகிறார். மாத்திரை வாங்க அவள் கடைக்கு வந்தபோது நாலைந்து மாதம் முன்பே இதைச் சொல்லியிருந்தார். "இன்னிக்காவது வாயத் திறந்து சொல்லுக்கா. இல்லேன்னா ஆயுசுக்கும் மாத்திரை எண்ணிட்டே கிட" என்று தங்கை திட்டித்தான் காலையில் அனுப்பினாள்.

பாதையோரம் மஞ்சளும் ஊதாவுமாகக் காட்டுப்பூக்கள் பூத்துக் கிடந்தன. வெயில் ஏற ஏறப் பட்டாம்பூச்சிகளும் கூடின. சொல்ல நினைத்ததை அவள் நாக்கு நுனிவரை கொண்டுவந்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"எப்பவும் நானேதான் பாக்கறேன். குனிஞ்சு குனிஞ்சு உங்க கழுத்துதான் போச்சு. இன்னிக்கு நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

அட்டையும் பேனாவும் கைமாறின. ஊதாப் பூவில் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆரஞ்சு இறக்கை, ஓரமெல்லாம் கறுப்பு.

அவள் திருதிருவென்று விழித்தாள். "எலுமிச்சை அழகி?"

"அய்யோ, வெந்தய வரியன்ங்க! நூறு தடவையாவது எழுதியிருப்பீங்களே!"

அடுத்ததையும் கோட்டைவிட்டாள். மூன்றாவதற்கு, "வெள்ளையா ஒண்ணு" என்றாள். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மூணு வருஷமா அப்படி என்னதான் பாத்துட்டு இருந்தீங்க?"

இப்படியொரு கேள்வி இனி ஜென்மத்துக்கும் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. காது மடல் சுட்டது.

"உங்களத்தான்."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூவில் இருந்தவை பறந்துபோய் வேறு இரண்டு வந்தன. இருவரும் எண்ணவில்லை. ஓடிப்போய்விடலாம் போலவும் இருந்தது அவளுக்கு, அப்படியே அந்தத் தோளில் சாய்ந்துவிடலாம் போலவும் இருந்தது.

"வீட்டை வித்துட்டேங்க" என்றார் கடைசியில். "போன மாசம்தான். அதுவரைக்கும், போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களான்னு பாத்துட்டே இருந்தேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவளுக்கு.