பாம்புக்காதும் மூன்று ஃபைல்களும்

ஒலிப்புத்தகங்கள் தயாரிக்கும் அந்தச் சின்ன கம்பெனியில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். கதை வாசிப்பவர் எச்சில் விழுங்கினாலும், பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தாலும் கண்டுபிடித்து வெட்டிவிடுவாள். அதனால்தான் மேனேஜர் அந்த வேலையை அவளிடம் கொடுத்தார்.

"ஃபைல் பெருசா இருக்கு, போன்ல இடமே இல்லைன்னு கேக்குறவங்க புலம்புறாங்க. எம்பி3-யிலயே இருக்கலாமா, இல்ல இந்தப் புது ஃபார்மட்டுக்கு மாறலாமா? இது பாதி சைஸ்தான். சத்தம் கெட்டுப்போகுதான்னு கேட்டு சொல்லுங்க."

இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் பேசும் பகுதியை எடுத்து, அசல் பதிவு, எம்பி3, புதுசு என மூன்று ஃபைல் தயார் செய்தாள். ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். புதுசில் மழை மங்கல், சந்தேகமே இல்லை. டீ குடித்துவிட்டு வந்து கேட்டால் எம்பி3 மங்கலாக இருந்தது. அடுத்த முறை அசலே மங்கியது போலிருந்தது. ஹெட்போனை மாற்றிப் பார்த்தாள். காதைக் குடைந்து பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவனுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. அவளைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"முதல்ல வந்தது நல்லாருக்கா, ரெண்டாவதா?" கடையில் கேட்கிற அதே குரல்.

"ரெண்டாவது. மழை நல்லா விரிஞ்சு கேக்குது."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். "ரெண்டும் எம்பி3-தான். ஒண்ணையே ரெண்டு தடவை போட்டேன்."

"ஏன் இப்படிப் பண்றீங்க?"

"கடையில சந்தேகம் வந்தா இப்படித்தான். ஒரே கண்ணாடிய ரெண்டு தடவை மாட்டினா, பாதிப் பேர் ரெண்டாவதுதான் பளிச்சுன்னு இருக்கும்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் வெட்டியதெல்லாம் நிஜமாகவே கேட்டதுதானா என்று சந்தேகம் வந்தது.

அவன் மூன்றையும் வரிசையாக ஓடவிட்டான். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். கணவனுக்கு அக்கா, சின்ன வயதுக் காய்ச்சலில் காது பாதி மந்தமாகிப்போனவர்.

"கடைசியா வந்தது மட்டும் ஏன்டா குமிழி விடுது?"

கடைசியாக வந்தது புதுசு. தற்செயலாக இருக்கும் என்று அவன் வரிசையை மாற்றினான். எப்படி மாற்றிப் போட்டாலும் நாத்தனார் அதையே காட்டினார்.

அவள் காரணத்தை யோசித்துப் பார்த்தாள். பெரிய சத்தத்துக்குப் பின்னால் மறைந்து கிடப்பது காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்டு, அதைத் தூக்கி எறிந்துதான் ஃபைலைச் சுருக்குகிறார்கள். அது நல்ல காதுக்குப் போட்ட கணக்கு. நாத்தனார் காதில் அந்தப் பெரிய சத்தமே சரியாக ஏறாததால் ஓட்டைகள் அம்பலமாகின்றனவோ என்னவோ. உறுதியாகச் சொல்ல அவளால் முடியவில்லை.

மறுநாள் மேனேஜர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "கேக்குறவங்களுக்குக் கேக்கலை, கேக்காதவங்களுக்குக் கேக்குது. இதை நான் மேல எப்படிச் சொல்றது? அவங்களையே கூட்டிட்டு வாங்க."

நாத்தனார் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். ஸ்டூடியோவிலும் ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"சரி, கெட்டுப்போனது தெரியுதே. எம்பி3-யே இருக்கட்டும்," என்றார் மேனேஜர்.

"கெட்டுப்போச்சுன்னு நான் எப்ப சொன்னேன்? எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. மத்ததுல மழைதான் கேக்குது. இதுல அந்தப் பொண்ணு பேசுறது புரியுது."

மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள்.

"அப்ப எதுதாங்க நல்லது?"

"தெரியலை சார்," என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறையில் அவள் சொல்லாத வார்த்தை அது.

புது ஃபார்மட்டுக்கே மாறினார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஒரே ஒருவர் மட்டும், இப்போது சத்தம் பிரமாதமாக இருக்கிறது, பழைய இரைச்சல் போயே போய்விட்டது என்று எழுதியிருந்தார். எந்தப் புத்தகம் என்று தேடிப் பார்த்தாள். அதை இன்னும் மாற்றவே இல்லை, பழைய எம்பி3.

"நன்றி" என்று மட்டும் பதில் போட்டாள்.