தங்கபாண்டியின் அறுபது சீட்டுக் கணக்கு

கேரளத்து ஆரியசாலையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் எனக்குத் தேர்தல் முடிவு வருகிற நாள் என்றாலே எரிச்சல். தோற்றவன் பாதி மீசையை எடுத்துவிட்டு ஒரு வாரம் நடமாட வேண்டும் என்று பந்தயம் கட்டுவார்கள். எடுக்கிற வேலை என் தலையில்.

இந்த நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பந்தயம் கட்டியவர்கள் பரோட்டா மாஸ்டர் தங்கபாண்டியும் சுமை தூக்கும் ஜினுவும். கேரளத்தின் இருபது தொகுதிகளில் அரிவாள் அணி குறைந்தது பத்தாவது பிடிக்கும் என்றான் ஜினு. தென்காசிக்காரன் தங்கபாண்டி, "எங்க கூட்டணி ஒரு சீட்டுகூட விடாது" என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். முகத்தில் எடுப்பாக இருப்பது அந்த மீசை ஒன்றுதான். "எதுக்குலே உனக்கு இந்த வேலை?" என்றேன். "சும்மா இருங்க, பாய்" என்றான். கேட்டால்தானே.

சாயங்காலம் முடிவு வந்தது. அரிவாளுக்கு இங்கே ஒன்றே ஒன்று. தமிழ்நாடு, புதுச்சேரி நாற்பதும் தங்கபாண்டியின் கூட்டணிக்கு. ஜினு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். இடது பக்க மீசையை எடுத்தேன். தங்கபாண்டி அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

"சேட்டா, இங்கயும் நாங்கதான். எங்க ஊருல கையும் அரிவாளும் ஒரே கூட்டணில்லா? இங்க கை அணி பதினெட்டு, அரிவாள் ஒண்ணு. பத்தொம்பது! மொத்தம் அம்பத்தொம்பது!"

இந்த ஊரில் அந்த இரண்டும்தான் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஜினு கண்ணாடியிலேயே அவனைப் பார்த்தான்.

"ஆகெ அறுபதல்லே, அண்ணாச்சி? பாக்கி ஒண்ணு?"

"அது தாமரை..." தங்கபாண்டியின் முகம் தொங்கிப்போனது.

"அப்போ ஒரு சீட்டு விட்டு. வா, இரிக்கு!" என்று ஜினு எழுந்து நாற்காலியைக் காட்டினான்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் வலது பக்கத்தை எடுத்தேன். இருவரையும் சேர்த்து நிறுத்தினால் ஒரு முழு மீசை.

திங்கட்கிழமை காலையில் பூந்திப் பொட்டலத்தோடு வந்தான் தங்கபாண்டி. பெண் கலைச்செல்வி பாதி மீசையைப் பார்த்துக் காரணம் கேட்டாளாம். இந்தக் கிறுக்கன் அறுபது சீட்டுக் கணக்கையும் ஒப்பித்திருக்கிறான்.

"என்னலே சொன்னா?"

"கேரளாவுல வச்சு கையையும் அரிவாளையும் ஒண்ணாக் கூட்டின மனுசன், எங்க அம்மாவையும் அவரு அம்மாவையும் ஒரே வீட்டுல வச்சிருவாருன்னு சம்மதிச்சிட்டா, பாய்."