மாவுப்பைத் திரை

அந்தியில் பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த சண்முகவடிவு, கூடையை இறக்கிய கையோடு லயத்து வரிசை வீடுகளில் தன் காம்பராவின் வாசலில் உட்கார்ந்து மாவுப்பையின் தையலைப் பிரித்தாள். நூல் அறுந்துவிடக் கூடாது. அதே நூலில்தான் தைக்க வேண்டும்.

இரண்டு பைகளையும் முதல்நாளே சாம்பல் தண்ணீரில் அவித்திருந்தாள். மில்லின் நீல எழுத்து போவேனா என்று நின்றது. தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்த பிறகுதான் ஒருவழியாக மறைந்தது. காசு கொடுத்து வாங்கியது ஊசி ஒன்றுதான், லிந்துலைக் கடையில்.

உள்ளே மகள் ராசம்மாவுக்கு மூச்சு இழுத்தது. ஜன்னல் பலகை உளுத்து விழுந்ததிலிருந்து பனி நேராகப் பிள்ளையின் பாயில்தான் இறங்குகிறது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் வேறு பலகை கேட்டுக் கேட்டு அவள் புருஷன் அழகுமுத்துவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நாளைக்குக் கம்பெனி தொரை லயம் பாக்க வர்றாரு. ஓட்டைய அப்பிடியே உடு, கண்ணால பாக்கட்டும்" என்றான் அவன்.

"சும்மா இருங்க. குப்பையா கெடந்தா மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுப் போயிருவாரு. வீடு லெச்சணமா இருந்தாத்தான் மனசு எறங்கும். அப்பப் பலகை கேப்போம்."

பக்கத்துக் காம்பரா இசபெல் பங்களாவில் ஆயா. திரை தைக்க அவள்தான் வழி சொன்னாள்.

"ஜன்னலு அகலத்தப் போல ஒண்ணரை மடங்கு துணி வையிங்கக்கா, அப்பத்தான் மடிப்பு விழும். மேல கம்பி தெரியாம ஒரு சின்னத் தொங்கல் வப்பாங்க, சுருக்கம் சுருக்கமா."

தொங்கலுக்குத் துணி போதவில்லை. சண்முகவடிவு பெட்டியைத் திறந்து கல்யாணச் சீலையின் சிவப்பு முந்தானையை எடுத்தாள். புருஷன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை அதன்மேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். இருந்தாலும் அறுத்தாள். ஓட்டை வாளியின் பிடிக்கம்பியை நிமிர்த்தித் திரையை அதில் கோத்து மாட்டினான் அழகுமுத்து.

மறுநாள் கண்டாக்கையாவோடு வந்த கம்பெனி துரை வாசலிலேயே நின்றார். கைத்தடியை நீட்டிச் சிவப்புத் தொங்கலைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இதுதான் நேரம் என்று சண்முகவடிவு முன்னால் வந்தாள்.

"கண்டாக்கையா, இந்தத் தெரைச்சீலைக்குப் பின்னால பலகை இல்லீங்க. பச்சப்புள்ளைக்கு இழுப்பு. தொரைகிட்டச் சொல்லுங்க சாமி."

கண்டாக்கு இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரை சிரித்தார், ஏதோ பதில் சொன்னார், அடுத்த காம்பராவுக்கு நடந்தார்.

"என்னங்க சொன்னாரு?" என்று கண்டாக்கிடம் கேட்டாள்.

"ரொம்ப அழகா இருக்காம். இவ்வளவு நல்ல சீலை இருக்கையில பலகை எதுக்குன்னு கேக்குறாரு. பலகை போன காம்பராவுல எல்லாம் பொம்பளைங்க இதே மாதிரி தச்சுப் போடணுமாம்."

"அடப்பாவிகளா" என்றான் அழகுமுத்து, அவர்கள் தூரப் போன பிறகு.

"ஐயோ, என் கையாலயே மறைச்சுப்புட்டேனே!" சண்முகவடிவு தலையில் அடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு மாவுப்பையோடு அவள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.

"அந்தத் தொங்கல எப்பிடி வச்சீங்க மதினி? காட்டுங்க" என்றாள் ஒருத்தி.

உள்ளே திரை பனிக்காற்றில் உப்பி எழுந்து ராசம்மாவின் முகத்தில் பட்டுத் திரும்பியது. பிள்ளை இருமி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, சண்முகவடிவு ஊசியில் நூலைக் கோத்தாள்.