மேற்கு வாசலில் ஒரு நாற்காலி

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. சுவர் வழியாகக் கேட்டேன். எங்கள் ரொக்காமோரா ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். பக்கத்து வீட்டு நட்சரேனோ தன் அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டே பேசுவதெல்லாம் என் சமையலறையில் கேட்கும். காதைப் பொத்தியிருக்கலாம். பேனாவை எடுத்தேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இத்தாலியின் மலையுச்சி ஒன்றில், பழம்பெரும் மதிலின் இரண்டு வாசல்கள் கம்பீரமாக—'

கம்பீரமாம்! சுற்றுலா அட்டைக்குத்தான் ஆகும்.

உள்ளதைச் சொல்கிறேன். கிழக்கு வாசல் வழியாகக் கல்யாணம், காய்கறி, தபால் எல்லாம் வரும். மேற்கு வாசலுக்கு வெளியே கல்லறைத் தோட்டம். சவப்பெட்டி முன்னே போகாமல் உள்ளூர்க்காரர் யாரும் அந்த வழியே வெளியேறுவதில்லை. (சுற்றுலாக்காரர்கள் போவார்கள். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம்.)

3

அன்று காலை நட்சரேனோவின் அப்பா எவாரிஸ்தோ காப்பிக் கோப்பையைத் தவறவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆம்புலன்ஸ் மேற்கு வாசலுக்கு வெளியே வந்து நின்றது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மகனும் ஆம்புலன்ஸ்காரர்களும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வாசல் வளைவுவரை வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு இயோலாந்தா ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

"அடப்பாவி! உயிரோட இருக்கிற அப்பனை அந்த வழியாவா கொண்டு போறே?"

நட்சரேனோ நின்றுவிட்டான். "வண்டியைக் கிழக்கு வாசலுக்கு வரச் சொல்லுங்க."

"உனக்கென்ன பைத்தியமாய்யா? மலையைச் சுத்தி வரணும்!"

"அப்பா உயிரோடதானே இருக்காரு. சுத்தியே வாங்க."

ஊர்ப் படிகளெல்லாம் ஏறி இறங்கி மறுபக்கம் கொண்டுபோனார்கள். கிழவர் பிழைத்தார். பேச்சு போய்விட்டது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பேச்சைக் காப்பாத்தியிருக்கலாம். ஏன் லேட்டு?" என்றார் டாக்டர்.

"ரோடு சரியில்லைங்க," என்றான் நட்சரேனோ.

4

ஊருக்கு அவன் நாயகன். மதுக்கடைக்குள் நுழைந்தாலே யாராவது ஒரு கோப்பை ஊற்றிவிடுவார்கள். "பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெறணும்டா! சாவு வாசலுக்குப் போன அப்பனைத் திருப்பிக் கொண்டுவந்துட்டான்!"

அவன் தலை நிமிராமல் குடித்துவிட்டு வருவான். அவமானத்தில் காது மடல் சிவந்திருக்கும், அடக்கம் என்பார்கள். மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் சவரக்கத்தியின் சத்தம் நின்றுவிடும். "உங்க பேச்சை நான்தான் தின்னுட்டேன்ப்பா. ஏதாவது சொல்லுங்களேன். ஒரு அறையாவது விடுங்களேன்."



5

எழுதியதை எடுத்துக்கொண்டு அவன் கதவைத் தட்டினேன். நின்றபடியே படித்தான். அடிப்பான் என்றுதான் நினைத்தேன்.

"இயோலாந்தா அக்கா கத்தினாங்கன்னு யார் சொன்னா?"

"சரியாக் கேட்கலை. நானாப் போட்டுக்கிட்டேன்."

"அவங்க வாயே திறக்கலை. ஜன்னலைத்தான் திறந்தாங்க. பார்க்கறாங்களேன்னு நானாத்தான் திரும்பினேன். அந்தம்மா மேல பழி போடாதீங்க."

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

(மூன்றாம் பகுதியைத் திருத்தவில்லை. நான் சொன்ன பொய்யும் எல்லோர் கண்ணிலும் படட்டும்.)

6

இந்தக் கதைக்கு என்னிடம் வேறு இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் கிழவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்து மேற்கு வாசல் வழியே போகிறார். எனக்கு வசதியான சாவு, கோடு போட்டு அடித்துவிட்டேன். இன்னொன்றில் வாய் திறந்து "போகட்டும்டா" என்கிறார். என் மனச்சாட்சிக்கு நானே எழுதிக்கொண்ட மருந்து. அதுவும் வேண்டாம்.

நடந்தது இது. ஞாயிறு பூசை முடிந்து ஊரே தெருவில் நிற்கிறது. நட்சரேனோ அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்குத் தள்ளி வருகிறான். கிழவர் நல்ல கையைத் தூக்கி மேற்கு வாசலைக் காட்டுகிறார். போகலாம் என்று.

"வேண்டாம்ப்பா. எல்லாரும் பார்க்கறாங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

கை இறங்கவில்லை. அவன் வளைவுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினான். அதற்குமேல் கால் வரவில்லை. தெருவில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இயோலாந்தாவின் ஜன்னல் திறந்திருந்தது. என்னுடையதும்தான்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்புறம் என்ன எழுதுவது என்று அப்போதும் என் புத்தி ஓடிக்கொண்டிருந்தது. சீ!

ஜன்னலைச் சாத்திவிட்டேன். சற்றுப் பொறுத்து எதிர்வீட்டு ஜன்னலையும் சாத்தும் சத்தம் கேட்டது.

நாற்காலி இன்னும் வளைவுக்கு அடியிலேயே நிற்கிறது. நீங்கள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.