லோகேஸ்வரி காட்டிய கை

கிள்ளானில் இருந்த அந்தச் சின்ன டயாலிசிஸ் மையத்தின் மேல் முதலில் கல்லெறிந்தவை விளம்பரப் பலகைகள்தான். ‘சிறிய மையம், பெரிய ஆபத்து. மானியத்தை நிறுத்துங்கள்’ என்று நெடுஞ்சாலை நெடுக ஒரு டாக்டர் பல் இளித்துக்கொண்டிருந்தார். போட்டது தனியார் மைய முதலாளிமார் சங்கம். மானியம் போனால் மையம் மூடும். மூடினால் அங்கே வரும் சுகுமாறனைப் போன்ற ஏழை நோயாளிகள் இரத்தம் சுத்தம் செய்ய வழியில்லாமல் சாகவேண்டியதுதான்.

நாமும் நம் முகங்களைப் போட்டு பேனர் கட்டுவோம் என்றாள் அங்கே நோயாளியாக வரும் லோகேஸ்வரி. எல்லாரும் கைதட்டினார்கள். படம் கேட்டதும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனானார்கள். பக்கத்து நாற்காலி சுகுமாறனும் நழுவினான்.

“நீங்க ஒருத்தர் போதும்லா அக்கா. மானியம் நின்னுடாம இருந்தா எல்லாருக்கும்தானே?”

கிடைத்தால் அவனுக்கும் கிடைக்கும். வம்பு வந்தால் அவளுக்கு மட்டும் வரும். வெட்கங்கெட்ட யோசனைதான், ஆனால் அவனுக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது.

ஆகவே பேனரில் அவள் மட்டும் நின்றாள், இடது கையைத் தூக்கியபடி. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக அறுவை செய்து புடைக்க வைத்த நரம்பு அதில் கயிறாய் முறுக்கியிருந்தது. கீழே, ‘இதுதான் என் உயிர்.’

ஞாயிறு காலை, பாசார் சந்தை ஓரம். ஏணியில் அவள் ஏறிக் கட்ட, கீழே சுகுமாறன் பிடித்திருந்தான். ஹெல்மெட் போட்ட நாலு பேர் மோட்டாரில் வந்து இறங்கினார்கள். கையில் இரும்புக் குழாய்.

“டேய், யாரு பேனர் இது?”

“தெரியாது பாஸ். ஏணி பிடிக்கக் கூப்பிட்டாங்க, வந்தேன்.”

சொல்லிக்கொண்டே ஏணியை விட்டுவிட்டான். ஒருவன் அதை உதைத்தான். லோகேஸ்வரி தார்ச்சாலையில் முகம் அடிபட விழுந்தாள். குழாயை ஓங்கியவன் நிறுத்தி, பேனரை அண்ணாந்து பார்த்தான். பிறகு அவளுடைய இடது கையைக் காலால் மிதித்து விரித்தான். எங்கே அடிக்கவேண்டும் என்று அவளே படம் போட்டுக் காட்டியிருந்தாளே!

முதல் அடியில் எலும்பு முறிந்தது. அடுத்ததில் நரம்பு கிழிந்து, இரத்தம் பீய்ச்சி பேனர்வரை தெறித்தது. “கை வேணாம்! தலையில அடிங்கடா!” என்று அவள் கத்தினாள். சுகுமாறன் லோரிக்குப் பின்னால் ஒளிந்து, தன் இடது கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். மீன்கடைக்காரர் கத்தியோடு ஓடிவந்த பிறகுதான் அவர்கள் கிளம்பினார்கள். அவர்தான் துணியை இறுக்கிக் கட்டி அவள் உயிரைப் பிடித்துவைத்தார்.

யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. மானியம் தொடரும் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆட்களை ஏவியது யார் என்று போலீஸ் இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறது. மையத்தில் லட்டு கொடுத்தார்கள்; படம் கொடுக்காதவர்களெல்லாம் இரண்டு இரண்டாக எடுத்துக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்து லோகேஸ்வரி வந்தாள். இடது கை செத்துத் தொங்கியது. வலது கை நரம்பு உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கழுத்தில் குழாய் செருகியிருந்தார்கள். அதில் கிருமி ஏறினால் கதை முடிந்தது. அவள் பழையபடி சுகுமாறனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

“அக்கா, நான் பாவி.”

அவள் அவனுடைய இடது கையை எடுத்து, புடைத்த நரம்பின் மேல் விரல் வைத்துப் பார்த்தாள். இரத்தம் உள்ளே துடிப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

“நல்லா ஓடுது தம்பி. பத்திரமா வச்சுக்க. அடுத்த பேனருக்கு வேணும்.”

அவன் அழுகை சட்டென்று நின்றது. கையை உருவி, போர்வைக்குள் மறைத்துக்கொண்டான்.